எதிர்பாராதது, பத்து சதவீதம்

நவம்பர் பாதி. துலூத் மலைச்சரிவில்
கார்கள் இப்போதே வழுக்கத் தொடங்கிவிட்டன.
மார்லிஸ் மின்கட்டண உறையைக் கிழித்து விரித்து
வெள்ளைப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள்.
இடப்பக்கம் பொருள். வலப்பக்கம் டாலர்.

அளக்க வந்த டோவா
பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
பெருவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு
சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்தாள்,
தர்பூசணி வாங்குகிறவளைப் போல.
"இங்கே கட்டை. இங்கே வெற்றிடம்.
ஜன்னலுக்கு இவ்வளவு பக்கத்தில் புகைக்குழாய் விட முடியாது.
மீட்டர் கிழக்கே இருக்கிறது,
நீங்கள் மேற்கே கணப்பு கேட்கிறீர்கள்.
நடுவில் முப்பத்தெட்டு அடி.
அடிக்கு இருபத்தைந்து."

வெர்லின் நாற்காலியை விட்டு எழவில்லை.
"கண்ணாடிக்குப் பின்னால் எரிவதெல்லாம் நெருப்பா?
சாம்பல் உண்டா? ஒரு பொறி தெறிக்குமா?"
வலது தோளில் ஆறு திருகாணிகள் உள்ளவன்.
போன குளிரில் விறகு சுமந்தது யார் என்று
மார்லிஸ் கேட்கவில்லை.
எழுதினாள்.

கணப்பு, 3,200.
புகைக்குழாய், 640.
எரிவாயுக் குழாய், 950.
கூலி, 1,900.
மின் இணைப்பு, 300.
நகராட்சி அனுமதி, 85
(சொந்த வீட்டில் குளிர்காய அனுமதியா, என்றான் வெர்லின்).
கல் பதித்த முகப்பு, 1,750.
இந்தக் கல்லைத்தான் இரண்டு வருடமாக
பல்மருத்துவர் வீட்டுப் பத்திரிகையில் பார்த்து வைத்திருந்தாள்,
ஆற்றடிக் கல்லின் சாம்பல் நிறம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்கிற அளவுக்கு மோசமில்லை.
ஆனாலும் நெருப்பின் விலையைவிட
அதை வீட்டுக்குள் அழைத்துவரும் செலவு அதிகம்.

கடைசியில் ஒரு வரி:
எதிர்பாராதது, பத்து சதவீதம், 882.
"எதிர்பார்த்து எழுதிவிட்டால்
அது எப்படி எதிர்பாராதது?"
பழைய சுவரைத் திறந்து பாருங்கள், தெரியும், என்றாள் டோவா
காலணியை மாட்டிக்கொண்டே.

மொத்தம் 9,707.
வங்கியில் இருப்பது 7,900.
பென்சில் நின்றது.

"மீன்பிடிக் குடிலை விற்றுவிடலாம்,"
என்றான் வெர்லின், ஜன்னலைப் பார்த்தபடி.
"ஈவன்சனின் பையன் இரண்டாயிரம் தருவான்."

மார்லிஸ் கணக்குப் போட்டாள். காகிதத்தில் அல்ல.
ஏரி உறைந்ததும் குடிலை இழுத்துக்கொண்டு போவான்.
பனியில் ஒரு துளை, பக்கெட், ஃபிளாஸ்க்.
காலை ஆறுக்குக் கிளம்பினால் இருட்டித்தான் வருவான்,
கையில் இரண்டு மீன்,
பல நாள் அதுவும் கிடையாது.
மார்ச் வரை அந்தப் பகலெல்லாம் அவளுடையது:
உரக்க வானொலி,
சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிய புதிர்த் துண்டுகள்,
ஃபார்கோவில் இருக்கும் தங்கையுடன்
ஒருமணி நேரம் ஒன்றுமில்லாத பேச்சு.
குடில் போனால்
இந்த மனிதன் டிசம்பரிலிருந்து
கணப்புக்கு எதிரே உட்கார்ந்து
இது நெருப்பில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

கல் முகப்பை அடித்தாள்.
கோடு அழுத்தமாக விழுந்தது, உறை கிழியாத குறை.
"கல் கனம். தரை தாங்காது."

வெர்லின் தரையைப் பார்த்தான்.
முப்பது வருடம் துறைமுகத்தில்
கப்பல்களுக்கு இரும்புத்தாது ஏற்றியவன்.
எது எவ்வளவு தாங்கும் என்று
அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.
வாய் திறக்கவில்லை.

புது மொத்தம் 7,782.
மீதி நூற்றுப் பதினெட்டு.
டோவாவிடம் காலியாக இருந்த முதல் தேதி
ஜனவரி இருபத்து மூன்று.
அதுவரை விறகுதான்.

அவள் காபி வைக்க எழுந்து போனபோது
பென்சிலை எடுத்தான்.
திரும்பி வந்து பார்த்தாள்,
எதிர்பாராததற்குக் கீழே
இடது கையால் எழுதிய கோணல் வரி:
விறகுக் கையுறை, சின்ன அளவு, 24.

கூட்டலை அவன் திருத்தவில்லை.